லெப்ட் அவுட் கல்யாணராமனும் மூன்று கார்டுகளும்

என் அக்காள் பாகீரதியைக் கல்யாணராமனுக்குக் கொடுத்தபோது, மாப்பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது என்று தரகர் சத்தியம் செய்தார். காலாட்டுகிற பழக்கத்தை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை போலும். மணையில் உட்கார்ந்திருக்கும்போதே அத்திம்பேரின் இடது முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. சாஸ்திரிகள் மந்திரத்தை நிறுத்திவிட்டு இரண்டு முறை அதைக் கையால் அழுத்திப் பிடித்தார். கையை எடுத்ததும் மறுபடி ஆடியது. குடும்பத்துக்கு ஆகாது என்று பெண்டுகள் முணுமுணுத்தார்கள். அது 1921.

எனக்குப் பந்தாட்டம் பிடிக்காது. இருபத்திரண்டு பேர் சேற்றில் ஒரு தோல் உருண்டைக்காக முட்டிக்கொள்வதில் என்ன இருக்கிறது என்று இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அத்திம்பேர் ஆட்டத்தைப் பார்த்து வாய் பிளந்தவர்கள் யாரும் எழுதப் போவதில்லை. சர்க்கார் ஆபீசான ஹஜூர் கச்சேரியில் முப்பது வருஷமாகப் பேனா பிடிக்கிற நான் ஒரே ஒரு முழு ஆட்டம்தான் பார்த்தேன். அந்த ஒன்றுக்காகவே இதை எழுதியாக வேண்டியிருக்கிறது.

திருவனந்தபுரத்தில் அன்று ஆடியவர்கள் எல்லாம் வெறுங்கால்காரர்கள். அத்திம்பேர் இடது ஓரத்தில் ஓடுகிறவர், லெப்ட் அவுட். ஒல்லி உடம்பு, குடுமி, வேட்டியைக் கழற்றி வைத்துவிட்டு முழங்காலுக்கு மேல் ஒரு நிக்கர். கோட்டின் ஓரமாக அவர் பந்தைத் தள்ளிக்கொண்டு போனால் எதிராளி ஒருவனும் கூட வர முடியாதாம். மைதானத்தில் சரி. மைதானத்துக்கு வெளியிலும் இந்த மனிதர் அப்படியே இருந்ததுதான் எங்களுக்கு வந்த வினை. பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா வேலை, எட்டு மாதம். மரக்கடையில் ஒரு வருஷம். பிறகு இன்ஷூரன்ஸ். ஸ்ரீவராகம் தெருக்களுக்குள்ளேயே நாலு வீடு மாற்றினார். கிளப்புகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கொல்லத்துக்கு ஒரு வருஷம் ஆடினார், நாகர்கோவிலுக்கு ஒரு வருஷம் ஆடினார். சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருந்த சிவதாணு பிள்ளை நடத்திய சாலை யூனியனை விட்டு மூன்று முறை விலகி மூன்று முறை சேர்ந்தார். ஏன் விலகினீர்கள் என்று கேட்டால், ஒரே இடத்தில் நின்றால் கால் மரத்துப் போகிறது என்பார்.

பந்து தோலால் ஆனது. தோலைத் தொட்டவன் குளிக்காமல் வீட்டுக்குள் வரக் கூடாது. அவருடைய அம்மா அனந்தலக்ஷ்மி பிள்ளையின் சின்ன வயசிலிருந்தே சாயங்காலமானால் கொல்லைக் கதவருகே பித்தளைக் குடத்தோடு நிற்பாளாம். திட்டிக்கொண்டே தலையில் தண்ணீரை விடுவாளாம். ஜெயித்தாயா என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் ஜெயித்த நாளில் குடத்தில் வெந்நீர் இருக்கும். அவளுக்கு யார் சொன்னார்களோ. அவருடைய தமையன் பிச்சுமணி குடும்ப நிலத்தைப் பார்த்துக்கொள்ளக் கல்லிடைக்குறிச்சிக்குப் போனபோது அம்மாவும் கூடப் போய்விட்டாள். அதற்குப் பிறகு என் அக்காள்தான் தண்ணீர் விட்டாள், எப்போதும் பச்சைத் தண்ணீர்.

இனி நான் சொல்லப்போவது புரிய வேண்டுமானால் தீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அத்திம்பேருக்குக் கல்லிடைக்குறிச்சியிலும் அக்கம்பக்கத்திலும் ஐம்பது அறுபது தாயாதிகள். அப்பா வழிப் பங்காளிகளில் யார் செத்தாலும் இவருக்குப் பத்து நாள் தீட்டு. பிள்ளை பிறந்தாலும் பத்து நாள். ஆனால் சேதி காதில் விழுந்தால்தான் தீட்டு. நாள் கழித்துக் கேட்டால் மூன்று நாளோடு போகும், இன்னும் கழித்துக் கேட்டால் ஒரு முழுக்கோடு போகும். தாய் தகப்பன் விஷயத்தில் மட்டும் இந்தச் சலுகை இல்லை. என்றைக்குக் கேட்டாலும், கேட்ட நாளிலிருந்து பிள்ளைக்குப் பத்து நாள் முழுசாக உண்டு.

சாலை யூனியனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வருஷப் போட்டியில் பைனல் எனப்படுகிற கடைசி ஆட்டத்தன்று காலையில் பதினொரு பேரும் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒன்றாகத் தேங்காய் விடலை, அதாவது சிதறுகாய், போட வேண்டும். போடாதவன் ஆடக் கூடாது. தீட்டுக்காரன் எப்படிக் கோயிலுக்கு வருவான்? 1923-ல் கடைசி ஆட்டத்துக்கு முதல் நாள் மூலையில் கறுப்பு மை தடவிய கார்டு வந்தது. அத்திம்பேர் முகம் பார்த்தேயிராத ஒரு சித்தப்பா போய்விட்டார். சாவுக் கார்டைப் படித்ததும் கிழித்துப் போடுவார்கள். இவர் கிழித்த வேகத்தில் சித்தப்பாவே எழுந்திருப்பார். 1925-ல் மூலையில் மஞ்சள் தடவிய கார்டு. யாரோ ஒரு தாயாதிக்கு ஆண் குழந்தை. அந்த முறை நேராக மண்டிக்குப் போய்ச் சிவதாணு பிள்ளையிடம் சண்டை போட்டார். அணியில் நடுவில் ஆடிய சத்தியதாஸ் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். தேங்காய் போடுகிறபோது அவர் கோயிலுக்குள் போகாமல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பார். அது போதுமென்று விட்டுவிடுவார்கள். அவர் பக்கத்தில் நானும் நின்றுகொள்கிறேன் என்று அத்திம்பேர் கேட்டார்.

“அவன் வேற மதம், சாமி,” என்றார் பிள்ளை. “பிள்ளையாரு அவன்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டாரு. உம்மகிட்ட கேப்பாரு.”

இரண்டு முறையும் அவர் இல்லாமல் ஆடி இரண்டு முறையும் தோற்றார்கள். அத்திம்பேருக்கு ஒரே வெறி பிடித்துவிட்டது. வாழ்நாளில் ஒரே ஒரு கடைசி ஆட்டம் ஆடிவிட வேண்டும். சாப்பிட உட்கார்ந்தால் அதே பேச்சு, எழுந்தால் அதே பேச்சு. முப்பதை நெருங்கிவிட்டது, கால் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று விரல் விட்டு எண்ணுவார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து தெருக்கோடிவரை நடந்துவிட்டு வந்து மீதியைச் சாப்பிடுவார்.

1927-ல் மூன்றாவது முறையாகச் சாலை யூனியனில் சேர்ந்தார். இன்ஷூரன்ஸ் வேலையை விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. இதை ஊருக்கு எழுதவில்லை. அணி அரையிறுதிக்கு வந்ததும் என்னைக் கச்சேரி வாசலில் பிடித்துக்கொண்டார். போஸ்ட்மேன் நயினாரிடம் சொல்லியாயிற்று, கல்லிடைக்குறிச்சி முத்திரையோடு வருகிற கார்டு எல்லாம் இனி உன் கைக்கு வரும், கறுப்போ மஞ்சளோ அதை உன் மேஜைக்குள் போட்டு வை, கடைசி ஆட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

“படிக்காதே, கேட்டியா. நீ படிச்சா உன் மூஞ்சி காட்டிக்குடுத்துடும்.”

நான் ஒத்துக்கொண்டேன். தாயாதிகள் பத்து நாள் காத்திருந்தால் குடி முழுகிப் போகாது என்றுதான் எனக்கும் பட்டது. உள்ளதைச் சொன்னால், இந்த மனிதர் ஒரு முறை ஆடித் தொலைத்தால் எங்கள் வீட்டில் அமைதி கிடைக்கும் என்ற ஆசையும் இருந்தது.

அரையிறுதியில் ஜெயித்தார்கள். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை நயினார் ஒரு கார்டு கொண்டுவந்தார். விலாசப் பக்கம் மேலே இருக்கும்படி வாங்கி, அப்படியே இழுப்பறைக்குள் தள்ளினேன். அடுத்த வியாழக்கிழமை இன்னொன்று. அதன் ஓரத்தில் கறுப்பு தெரிந்தது. சரி, யாரோ ஒரு கிழம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமை நடக்க வேண்டிய ஆட்டம் மழையில் அடித்துக்கொண்டு போயிற்று. மைதானத்தில் முழங்காலளவு தண்ணீர், அடுத்த சனிக்குத் தள்ளிவிட்டார்கள். அத்திம்பேர் அந்த ஒரு வாரம் தூங்கவில்லை. கிழக்கேகோட்டைக்கும் ஸ்ரீவராகத்துக்கும் நடுவில் எத்தனை தடவை நடந்தாரோ தெரியாது. இடையில் மஞ்சள் தடவிய மூன்றாவது கார்டும் வந்தது. அதையும் மற்ற இரண்டின்மேல் வைத்தேன்.

ஆட்டத்தன்று காலை பழவங்காடியில் அவர் போட்ட தேங்காய் சில்லு சில்லாகச் சிதறியது என்று பிள்ளை பிறகு சொன்னார். கார்டுகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நானும் பாளையம் மைதானத்துக்குப் போனேன். நான் முழுசாகப் பார்த்த ஆட்டம் அதுதான். முக்கால்வாசி நேரம் யார் பக்கம் யார் என்றே புரியவில்லை. எல்லோரும் சேற்று நிறத்தில் இருந்தார்கள். இருட்டக் கொஞ்ச நேரம் இருக்கும்போது இடது ஓரத்தில் ஒரு குடுமி மட்டும் பறந்துகொண்டு போயிற்று. ஒருவனைத் தாண்டினார், இன்னொருவனைத் தாண்டினார், நின்றார். அவர் நின்று நான் பார்த்தது அதுவே முதல் தடவை. பிறகு நிதானமாகப் பந்தை நடுவில் தூக்கிப் போட்டார். சத்தியதாஸ் தலையால் முட்டினார். ஜனம் மைதானத்துக்குள் பாய்ந்தது. பந்தாட்டம் பிடிக்காத நானும் குடையைத் தூக்கிப் போட்டேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

கழுத்தில் மெடலோடு என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கையை நீட்டினார். சிரித்துக்கொண்டே மஞ்சள் கார்டைப் படித்தார். ஏதோ ஒரு தாயாதிக்குப் பேரன். அடுத்தது கறுப்பு. அதைப் படித்தவர் சிரிக்கவில்லை. மூன்றாவதில் கறுப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. அதை நான் அப்போதுதான் பார்த்தேன். வெறும் கார்டு. அதை அவர் ரொம்ப நேரம் படித்தார், இரண்டே வரிதான் இருந்தது.

“சீனு, அம்மா,” என்று என்னைப் பார்த்தார்.

தமையன் எழுதியிருந்தார். கறுப்புக் கார்டில், செவ்வாய்க்கிழமை விடியற்காலை அம்மா காலமானாள், தந்தி கொடுத்திருக்கிறேன், உடனே புறப்படு. வெறும் கார்டில், அம்மாவுக்கு உடம்புக்கு ஆகவில்லை, உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். தந்தி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போயிருக்கிறது. அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்று எழுதித் திருப்பியிருக்கிறார்கள். அந்த வெறும் கார்டு வந்த வெள்ளிக்கிழமையே அவர் வண்டியேறியிருந்தால் அம்மாவோடு மூன்று நாள் இருந்திருப்பார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்கவில்லை.

“நீ என்ன பண்ணுவே. நான்தானே படிக்காதேன்னேன்.”

நான் என்ன செய்திருக்கலாம் என்று எனக்குத் தெரியும். நான் தாயாதி இல்லை. எந்தக் கார்டைப் படித்தாலும் எனக்குத் தீட்டு கிடையாது. கறுப்பு, மஞ்சள் என்றுதான் அவர் சொன்னார்; வெறும் கார்டை ஒளித்து வைக்கச் சொல்லவில்லை. திருப்பிப் பார்க்கச் சோம்பல்பட்டேன், அவ்வளவுதான். இருபது வருஷம் ஆகப்போகிறது, இன்னும் அந்த இழுப்பறைக்குள் ஒரு காகிதத்தையும் திருப்பிப் பார்க்காமல் நான் வைப்பதில்லை.

அன்று ராத்திரி வண்டிக்கே அவரோடு நானும் போனேன். வழி முழுக்க அவர் உட்காரவில்லை. வண்டியின் கதவருகில் நின்றார், நடந்தார், மறுபடி நின்றார். மெடலை எங்கே போட்டார் என்று தெரியவில்லை, பிறகு நான் அதைப் பார்க்கவே இல்லை.

கல்லிடைக்குறிச்சி போய்ச் சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா போய்ப் பதின்மூன்றாம் நாள். வீடு கழுவிக் கோலம் போட்டிருந்தது. பந்தி நடந்துகொண்டிருந்தது, பாயச வாசனை தெருவரை வந்தது. பிச்சுமணி புது வேஷ்டியும் நெற்றியில் சந்தனமுமாக வாசலுக்கு வந்தார். தம்பியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“எல்லாம் ஆச்சு,” என்றார். “நீ இனிமேத்தான் ஆரம்பிக்கணும்.”

ஊரெல்லாம் தீட்டுக் கழிந்து இனிப்புச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பெற்ற பிள்ளைக்கு முந்தின நாள் சாயங்காலம், மைதானத்தில், ஜெயித்த கையோடு தீட்டு ஆரம்பித்திருந்தது. அவரை யாரும் தொடவில்லை. பின்கட்டில் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் தனியாகப் பாய் போட்டார்கள், தனியாக இலை போட்டார்கள். தமையன் பெண்டாட்டி சுப்புலக்ஷ்மி மன்னி தூர நின்று பரிமாறினாள். நல்ல மனுஷி, சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருப்பாள். ஆனாலும் சொல்லிவிட்டாள். கடைசி நாலு சாயங்காலமும் அம்மா வெந்நீர் போட்டுக் கொல்லைக் கதவருகே குடத்தில் வைக்கச் சொன்னாளாம். கல்யாணம் பந்து விளையாடிவிட்டு வருவான், தலையில் விடணும் என்றாளாம். அவளும் நாலு நாளும் வைத்தாளாம்.

அத்திம்பேர் இலையிலிருந்து எழுந்துவிட்டார். தாமிரபரணிக்குப் போய் இருட்டும்வரை தண்ணீரில் நின்றார். நான் கரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் அழுதாரா என்று தண்ணீரில் தெரியவில்லை.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தவர் ஆட்டத்தை விட்டுவிடுவார் என்று பாகீரதி எதிர்பார்த்தாள். விடவில்லை, இன்னும் மோசமாக ஓடினார். பதினோரு வருஷம் ஆடினார். மதுரைக்கு ஒரு பருவம், மறுபடி நாகர்கோவில், பிறகு பஸ் கம்பெனிக்காரர்கள் ஆரம்பித்த ஒரு புது கிளப். கடைசி ஆட்டம் என்று வந்தால் மட்டும் ஏதாவது காரணம் சொல்லி ஒதுங்கிக்கொள்வார். சாலை யூனியனில் இருந்தவரை சிவதாணு பிள்ளை பழவங்காடிக்குக் கூப்பிட்டு அலுத்துப் போனார்.

புதிதாக ஒரு பைத்தியம் சேர்ந்தது. காலையில் தபாலாபீஸ் திறக்குமுன் போய் நின்றுகொள்வார். தெருவுக்கு வந்த கார்டுகளை நயினாரிடமிருந்து வாங்கிப் பார்த்து, ஊரிலிருந்து வந்தது எதுவானாலும் முதலில் தானே கொண்டுபோய்க் கொடுப்பார். நயினாருக்கும் கால்வலி, விட்டுவிட்டார். கொடுத்துவிட்டுப் போகிற ரகமும் இல்லை. படித்தாயா, புறப்படுகிறாயா என்று வாசலிலேயே நின்று காலை ஆட்டிக்கொண்டிருப்பார். சாப்பிடுகிற நேரத்தில் கறுப்புக் கார்டோடு வந்து நிற்கிற மனிதரை யார் விரும்புவார்கள்? ஸ்ரீவராகத்தில் அவர் தலை தெரிந்தால் கதவைச் சாத்தினார்கள். எனக்கே வெட்கமாக இருந்தது.

1938 ஆவணியில் ஒரு வியாழக்கிழமை. என் பெண்டாட்டி பிறந்தகம் போயிருந்தாள், வீடு பூட்டியிருந்தது. எனக்கு வந்த ஒரு கார்டை வீட்டில் கொடுக்க முடியாமல், மாலைத் தபால் பையோடு நயினார் பாளையம் மைதானத்தில் ஆட்டம் பார்க்கப் போய்விட்டார். அது புது கிளப்புக்கு முக்கியமான ஆட்டம், அரையிறுதி. அத்திம்பேருக்கு முப்பத்தொன்பது வயது. இந்த வயதில் ஓடுகிறாரே என்று சிலர் சிரித்தாலும், முதல் பாதியில் இவர் போட்டுக் கொடுத்த பந்தில்தான் ஒரு கோல் விழுந்திருந்தது. இடைவேளையில் நயினாரிடம் வந்து தண்ணீர் கேட்டாராம், வழக்கம்போலக் கார்டு இருக்கிறதா என்றும் கேட்டாராம்.

நான் கச்சேரியில் காகிதக் கட்டுகளைக் கட்டி வைத்துக்கொண்டிருந்தேன். வராந்தாவில் பியூன் யாரையோ அதட்டுகிற சத்தம். அவனைத் தள்ளிக்கொண்டு சேறும் நிக்கருமாக வெறுங்காலோடு அத்திம்பேர் உள்ளே வந்து நின்றார். மூச்சு வாங்கியது. மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். நான் கூனிக் குறுகிப் போனேன்.

கார்டை என் மேஜையில் வைத்தார். கறுப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை.

“எடுத்துப் படி, சீனு. இங்கேயே படி, என் முன்னாலே.”

செங்கோட்டையிலிருந்து என் அம்மா யாரையோ கொண்டு எழுதவைத்திருந்தாள். அப்பா படுத்துவிட்டார், உன்னையும் பாகீரதியையும் கேட்கிறார், உடனே வரவும். நான் விழித்துக்கொண்டு நின்றேன். லீவு எழுதிக் கொடுக்க வேண்டும், கட்டுகளை ஒப்படைக்க வேண்டும், நாளைக்குப் போகலாமா என்று யோசித்தேன். அவர் என் குடையை எடுத்துக் கையில் கொடுத்து வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தார். வண்டிக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது. என்னைத் தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லிவிட்டு ஸ்ரீவராகத்தைப் பார்க்க ஓடினார். வண்டி கிளம்ப இரண்டு நிமிஷம் இருக்கும்போது பாகீரதியோடு ஒரு குதிரை வண்டியில் வந்து சேர்ந்தார். அப்போதும் அதே நிக்கர். பிளாட்பாரத்தில் அத்தனை ஜனமும் அவரைத்தான் பார்த்தது.

அப்பா இரண்டு நாள் இருந்தார். எங்களை அடையாளம் தெரிந்தது, பேசினார். மூன்றாம் நாள் காலையில் என் மடியில்தான் போனார்.

காரியங்கள் முடிந்து திருவனந்தபுரம் வந்து, மறுபடி வேலையில் மூழ்கிவிட்டேன். அத்திம்பேர் பஸ் கம்பெனியில் நேரம் குறிக்கிற வேலையில் இருந்தார், சாயங்காலம் எங்கேயோ நடந்துகொண்டிருந்தார். ஆட்டத்துக்குப் போகவில்லை என்பதை நான் கவனிக்கக்கூட இல்லை. மாசிவாக்கில் சாலைத் தெருவில் சிவதாணு பிள்ளையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த வியாழக்கிழமை இடைவேளைக்குப் பிறகு ஆளைக் காணாமல் பத்துப் பேரோடு ஆடி, ஒன்றுக்கு இரண்டாகத் தோற்றிருக்கிறார்கள். சொல்லாமல் மைதானத்தை விட்டு ஓடியவன் என்று மறுநாளே அவர் பெயரை அடித்துவிட்டார்கள். சாலை யூனியன் கலைந்து பிள்ளைக்கே அப்போது கிளப் இல்லை. மற்ற கிளப்புகள் நாற்பது வயதுக்காரனை, அதுவும் பாதியில் ஓடிப்போகிறவனை, எதற்குச் சேர்ப்பார்கள்? எந்தக் காலத்திலும் ஒரு கிளப்பில் நிற்காத மனிதர், கடைசியில் ஒரு கிளப்பும் இல்லாமல் நின்றுவிட்டார்.

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார், இடது கால் ஆடிக்கொண்டிருந்தது. ஏன் அத்திம்பேர், ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லையே, கிளப்பில் நான் வந்து பேசியிருப்பேனே என்று கேட்டேன். என்னால் இரண்டாவது தடவையாக இவருக்கு ஒன்று போயிற்றே என்றுதான் இருந்தது.

“அதை விடு,” என்றார். “அப்பா உன்கிட்டே என்ன பேசினார்? நீ எங்கிட்டே சொல்லவே இல்லையே.”

சொல்ல என்ன இருந்தது? போன உடனே அப்பா என்னைப் பார்த்து, ஆபீசில் லீவு எழுதிக் கொடுத்தாயா என்று கேட்டார். கொடுத்தேன் என்று பொய் சொன்னேன். பிறகு, தலையணை தாழ்வாக இருக்கிறது, தூக்கி வை என்றார். வைத்தேன். ராத்திரி என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ இளைத்துப் போய்விட்டாய் என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அத்திம்பேர் கேட்டுக்கொண்டே இருந்தார். தலையணையை எத்தனை உயரம் வைத்தாய் என்றார். கையால் காட்டினேன். எந்தக் கையைப் பிடித்தார் என்றார். அதையும் காட்டினேன். பாகீரதி காபி கொண்டுவந்து வைத்தாள், அவர் எடுக்கவில்லை.

“இன்னொரு தரம் சொல்லு, சீனு,” என்றார். “போன உடனே என்ன கேட்டார்? அதிலேருந்து சொல்லு.”